பித்தளைப் பூண் போட்ட கத்திகள்

ஓடிப்போனாளாம்! ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், தெருவே பார்க்க, தலையில் கத்திக் கூடையைச் சுமந்துகொண்டா போவாள்? மாற்றுப்புடவை எடுத்துக்கொள்ள மாட்டாளா? இருந்த ஒரே நகை மூக்குத்தி. அதையும் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனவளை ஓடிப்போனவள் என்று சொன்னால், சொன்ன வாயில் உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம்?

இந்தப் பேச்சைக் கிணற்றடியில் கிளப்பிவிட்டவள் அடுத்த வீட்டுக் குப்பம்மாள். “பொம்பள போயி அடைகல்லு முன்னால குந்துனா இரும்பு ஏத்துக்குமா? தீட்டுப்பட்ட இரும்பு. அதான் ஒரு ஆளையே முழுங்கிட்டுது. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊர்ல இருப்பா? கெடக்குற புருஷன விட்டுட்டுப் பூட்டா. அவரு பொணத்தப் பாக்கக்கூட வரல பாத்துக்கோ.”

வரவில்லைதான். செய்தி சொல்லி அனுப்ப, அவள் எந்தக் குப்பத்து மணலில் நடந்துகொண்டிருந்தாள் என்று யாருக்குத் தெரியும்? அவள் புருஷன் ஆசாரி கண்ணை மூடியது மார்கழியில். அதற்குப் பிறகு மாசி மகத்துக்கு வந்த கூனிமேட்டு ஆள் ஒருவன் கோயில் வாசலில் என்ன சொன்னான்? ஓர் அம்மா வந்து அவன் இடுப்பிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, புதுக் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் தெற்கே போனாள் என்றானா இல்லையா? குப்பம்மாளும் அங்கேதான் நின்றாள். காது கேட்டது. மனசு கேட்கவில்லை.

ஆகவே உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெய்வநாயகி பிரம்மதேசத்துப் பெண். கொல்லர் வீட்டில் பிறந்து கொல்லர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் தேவநாதன் ஆசாரி. உப்பளத்துக்குப் போகிற பாதையில், வீட்டோடு ஒட்டினாற்போல் அவர் பட்டறை. மண்வெட்டி, கடப்பாரை, ஏர்க்கொழு எல்லாம் அங்கே அடித்துக் கொடுப்பார். கொல்லன் வீட்டுப் பெண்டாட்டி என்றால் சோறு மட்டும் வடிக்கிறவள் இல்லை. துருத்தியும் அவள்தான், சம்மட்டியும் அவள்தான். அவர் குறட்டால் இரும்பைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியால் எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே தொட்டுக் காட்டுவார். அந்த இடத்தில் இவள் சம்மட்டியை இறக்குவாள்.

வேலை நேரத்தில் இரண்டு பேரும் வாய் திறந்து பேசியதில்லை. சுத்திதான் பேசும். சுத்தியை, இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லின் மேல் ‘டிங் டிங்’ என்று துள்ளவிட்டால், ‘சூடு ஆறுவதற்குள் போடு’ என்று அர்த்தம். கல்லின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிப் படுக்கவைத்தால் ‘போதும்’. காலையில் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கு அந்த ‘போதும்’ வர நேரமாகும். அவளும் விடமாட்டாள். கை வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் அவர் யாருக்கும் விட்டதில்லை, தோய்ச்சலை. பழுத்த இரும்பைத் தண்ணீரில் காட்டி முறுக்கேற்றுகிற வேலை. அந்த நேரம் அவள் உள்ளே போய் உலை வைக்கலாம், அரிசி களையலாம். தொட்டித் தண்ணீரை அவரே நிரப்புவார், அவரே மாற்றுவார். ஏன், எதற்கு என்று அவளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஒரு ஐப்பசி விடிகாலையில் பல் விளக்கப் போன மனிதர் கிணற்றங்கரையில் சரிந்துவிட்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு போய், “ஆ… ஆ…” என்கிற சத்தம் மட்டும் மிச்சம். தைலம் தேய்த்தாள். பத்தியம் பார்த்தாள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போய்வந்தாள். சத்தம் சத்தமாகவே நின்றுவிட்டது.

பட்டறை குளிர்ந்து கிடந்தது. பெரிய வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். பிடிக்க ஒருவர், அடிக்க ஒருவர். தெய்வசிகாமணி என்று ஒருவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நல்ல புஜம்தான். ஆனால் சம்மட்டியைத் தூக்கியவன் அப்படியே கீழே வைத்துவிட்டான்.

“பொம்பள கொறடு புடிச்சி காட்ட, நான் அடிக்கிறதா? ஊர்ல சிரிப்பானுங்க.”

“சிரிச்சா பல்லு தெரியும். உனுக்கு இன்னாய்யா போவுது?”

“எனுக்கு மானம் போவுதும்மா.”

போய்விட்டான். தெய்வநாயகி உலைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். இடது கையில் குறடு, வலது கையில் சின்னச் சுத்தி. இந்த இரண்டு கையை வைத்துக்கொண்டு ஒரே ஆள் என்ன செய்ய முடியும்? கொழு முடியாது. மண்வெட்டி முடியாது. ஒரு சாண்கூட வராத சின்னக் கத்தி முடியும்.

அப்படித்தான் அவள் கத்தி செய்ய வந்தாள். உப்பு ஏற்ற வருகிற லாரிகளின் வில்லுப்பட்டை உப்புக்காற்றில் அரித்து ஒடிந்துபோகும். அதை டிரைவர்கள் பாதையோரம் போட்டுவிட்டுப் போவார்கள். அதைத்தான் எடுத்து வெட்டி, காய்ச்சி, தட்டினாள். மடக்குக் கத்தி இல்லை. அலகின் வால் பிடிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். பிடிக்குப் பனைமரத்து வைரக்கட்டை. பிடியும் அலகும் சேருகிற கழுத்தில், பிடி விரிந்துவிடாமல் செம்பில் ஒரு பூண். உள்ளங்கைக்குள் அடங்குகிற கத்தி. மூட்டை தைக்கிறவர்கள் சணல் அறுக்க வாங்கினார்கள். பனையோலை கிழிக்கிற பெண்கள் வாங்கினார்கள். எல்லாரையும்விடக் கடலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். கட்டுமரத்தில் போகிறவனுக்கு இடுப்பில் ஒரு கத்தி வேண்டும். வலை சிக்கினால், கயிறு சுற்றினால், அதுதான் அவனுக்கு மூன்றாவது கை.

சந்தையில் ஒரு கோணிச் சாக்கை விரித்து அடுக்கிவைப்பாள். யார் கேட்டாலும் கையில் கொடுக்க மாட்டாள். உப்பும் இரும்பும் கைக்குக் கை மாறினால் பகை என்பது இந்தப் பக்கம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவள் சாக்கில் வைப்பாள், வாங்குகிறவன் குனிந்து எடுத்துக்கொள்வான்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. எமர்ஜென்சி வந்ததே, அதற்கு முந்தின வருஷம். ஏரி வெடித்துக் கிடந்தது. நல்ல தண்ணீர்க் கிணற்றில் சேறு மிதந்தது. மற்ற கிணறுகளெல்லாம் உப்புக்கரித்தன. விடியுமுன் போய் வரிசையில் நின்றால் வீட்டுக்கு ஒரு குடம். அந்த ஒரு குடத்தில் சமைக்க வேண்டும், குடிக்க வேண்டும், படுக்கையில் இருக்கிறவருக்கு உடம்பு துடைக்க வேண்டும். இதில் பட்டறைத் தொட்டிக்கு எங்கே போவாள்?

உப்பளத்துத் தண்ணீர் பக்கத்திலேயே கிடந்தது, வேண்டிய மட்டும். இரண்டு குடம் மொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். தண்ணீர் தண்ணீர்தானே, இரும்புக்கு நாக்கா இருக்கிறது?

அன்றைக்குப் பழுத்த கத்தியைத் தொட்டியில் காட்டினாள். எப்போதும் ‘சுர்ர்ர்’ என்று இழுக்கிற சத்தம், அடுப்பில் கல்லுப்புப் போட்டாற்போல் படபடவென்று வெடித்தது. உள்ளே படுத்திருந்த தேவநாதன் “ஆ! ஆ!” என்று அலறினார்.

குறட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். “இன்னாங்க? தாகமா? இதோ, இதோ.” செம்புச் சொம்பில் நல்ல தண்ணீரை மொண்டு வாயருகே கொண்டுபோனாள். இடது கையால் தட்டிவிட்டார். பாதித் தண்ணீர் பாயில் கொட்டியது.

“ஒரு சொம்பு தண்ணிக்கு நான் விடிய விடிய நின்னுட்டு வர்றேன். நீங்க தட்டிவுடுறீங்க!” என்று அவள் கண் கலங்கினாள். அவரும் அழுதார். மறுநாளும் தோய்ச்சல் போட்டாள். மறுநாளும் அலறினார். மறுநாளும் அவள் சொம்பைக் கொண்டுபோய் நீட்டினாள்.

அந்தக் கோடையில் செம்பும் தீர்ந்துபோயிருந்தது. உடைந்த குத்துவிளக்கு ஒன்று கிடைக்க, அதை வெட்டிப் பித்தளைப் பூண் போட்டாள். கத்திகள் பளபளவென்று தங்கம் மாதிரி மின்னின. கூருக்கோ கேட்கவே வேண்டாம். அரம் வழுக்கியது, அவ்வளவு கடினம். அதற்கு முன் அவள் செய்த எந்தக் கத்திக்கும் அந்தக் கூர் வந்ததில்லை. பெயர் பரவியது. உப்பு லாரிக்காரர்கள் கொத்தாக வாங்கிப் போய், வழியில் இருக்கிற குப்பங்களில் விற்றார்கள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சந்தையில் வெற்றிலை போட்டாள்.

எக்கியார்குப்பத்துப் பலராமன் வந்தது அப்போதுதான். சிரித்த முகம். வாய் ஓயாத ஆள்.

“இன்னா ஆசாரிம்மா, கத்தியா இது? காது கொடையறதா?”

“உன் காது அம்மாம் பெருசுன்னா கொடஞ்சிக்கோ. மாமியா திட்டுறது நல்லாக் கேக்கும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த கயிற்றை எடுத்து, ஒரு கத்தியால் இழுத்துப் பார்த்தான். “தோ பாருங்கடா, வாழத்தண்டு மாதிரி போவுது!” என்றான். கத்தியைச் சாக்கில் போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

“குடும்மா.”

“கீழேர்ந்து எடுத்துக்கோ. இரும்பக் கையில குடுத்தா பகை.”

“உனுக்கும் எனுக்கும் இன்னா பகை வரப்போவுது?”

“வர வாணாம்னுதான் சொல்றேன். எடுத்துக்கோ சாமி.”

குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான். பித்தளைப் பூண் வெயிலில் மின்னிக்கொண்டே போனது.

ஆடிக் காற்றில் கடல் புரண்டது. பலராமனும் அண்ணன் தனகோடியும் ஒரே கட்டுமரத்தில் போனவர்கள். வலை அடியில் பாறையில் மாட்டிக்கொண்டது. அலை மரத்தைப் புரட்ட, வலைக்கயிறு தம்பியின் காலைச் சுற்றி இழுத்தது. அவன் பயப்படவில்லையாம். கத்தியை உருவிக் கயிற்றில் ஒரு போடு போட்டானாம். பாதி அறுந்ததாம். இரண்டாவது போட்டுக்கு ‘டக்’கென்று ஒரு சத்தம். அவன் கையை நிமிர்த்திப் பார்த்தான், பிடி மட்டும் இருந்தது. அண்ணனைப் பார்த்தான். அவ்வளவுதான், அடுத்த அலை வந்துவிட்டது. தனகோடி மூழ்கி மூழ்கிப் பல்லால் கடித்துப் பார்த்திருக்கிறான். கரைக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை. மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பிடியை எடுத்தார்கள்.

கருமாதி முடிந்து ஜெயா வந்தாள், பலராமன் பெண்டாட்டி. வெறும் நெற்றி. பட்டறை வாசலில் வந்து நின்றாள். உட்காரவில்லை. தெய்வநாயகி எழுந்து, “வா தாயி” என்றாள். ஜெயா மடியிலிருந்து அந்தப் பிடியை எடுத்தாள். பித்தளைப் பூண் போட்ட பிடி. பூணுக்கு மேலே நகம் அளவுக்கு ஒடிந்த இரும்பு.

“கீழ வை தாயி” என்றாள் தெய்வநாயகி, பழக்கத்தில்.

ஜெயா அவள் கையைப் பிடித்தாள். விரல்களைப் பிரித்தாள். புருஷன் விரலைப் பிரித்த மாதிரியே பிரித்து, உள்ளங்கையில் பிடியை வைத்து அழுத்தினாள்.

“கையில குடுத்தா பகைன்னியாமே. அன்னிக்கு வூட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. இந்தா. கையிலயே குடுக்குறேன்.”

திரும்பிப் போய்விட்டாள். அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் தெய்வநாயகி தாங்கியிருப்பாள்.

அன்றைக்கு அவள் சோறு பொங்கவில்லை. விற்காமல் இருந்த பித்தளைப் பூண் கத்தி ஒன்றை அடைகல்லின் விளிம்பில் வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டினாள். அப்பளம் மாதிரி இரண்டாகப் போனது. வீட்டில் காய் நறுக்க வைத்திருந்த பழைய செம்புப் பூண் கத்தியை வைத்து ஓங்கித் தட்டினாள். வளைந்தது, நிமிர்ந்தது. அதே லாரிப் பட்டை, அதே கரி, அதே கை. என்னதான் மாறியது? தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

கொல்லைப்புறம் போய்ப் பழைய தவலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அன்று பிடித்த நல்ல தண்ணீரை அதில் முழுக்கக் கொட்டினாள். வேலிப்பக்கம் நின்ற குப்பம்மாள், “அடிப்பாவி! குடிக்கிற தண்ணிய எவளாவது இரும்புக்குக் கொட்டுவாளா? புத்தி பெரண்டுடுச்சா உனுக்கு?” என்று கத்தினாள். தெய்வநாயகி இரும்பைப் பழுக்கக் காய்ச்சி நல்ல தண்ணீரில் காட்டினாள். ‘சுர்ர்ர்’ என்று இழுத்தது. உள்ளே சத்தமில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை. இன்னொன்றைக் காய்ச்சி உப்புத் தொட்டியில் காட்டினாள். படபடவென்று வெடித்தது.

“ஆ! ஆ!”

சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் இடது கையைத் தூக்கித் தொட்டி இருக்கும் திக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை எத்தனை நாளாய் அதே திக்கைக் காட்டியது!

“அன்னிக்கே சொன்னீங்களா?” அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். “அன்னிக்கே சொல்லிட்டீங்க. நான் சொம்பத் தூக்கினு வந்தேனே. ஐயோ, நான் சொம்பத் தூக்கினு வந்து நின்னேனே!”

குப்பம்மாளுக்கு இது தெரியாது. தீட்டும் இல்லை, பொம்பளைக் கையும் இல்லை. உப்பு. ஊருக்கே சோறு போடுகிற உப்பு. அந்தத் தண்ணீரில் இரும்புக்கு முறுக்கு மிஞ்சிவிடும், மிஞ்சினால் ஒடியும். அதை இரும்புக்குக் காட்டக்கூடாது என்று சொல்ல ஒரு வாய் வீட்டில் இருந்தது. அந்த வாய்க்கு வார்த்தை இல்லாமல் போனது. அவ்வளவுதான் குற்றம்.

ஆனால் அழுதுகொண்டே இருக்க நேரமில்லை என்பது அன்று சாயங்காலமே அவளுக்கு உறைத்தது. கடற்கரை நெடுக, முகம் தெரியாத எத்தனையோ பேர் இடுப்பில் அந்தப் பித்தளை மின்னிக்கொண்டிருக்கிறது. அது உடையும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நல்ல தண்ணீருக்காகப் பெருமுக்கல் பக்கம் மாட்டுவண்டியில் போய் மொண்டுவந்தாள். கத்தி அடித்தாள். கை கொப்பளிக்க அடித்தாள். பூணுக்குச் செம்பு இல்லை. கல்யாணச் சீராக வந்த அந்தச் செம்புச் சொம்பை எடுத்து, ஒரு நிமிஷம் மடியில் வைத்திருந்து, பிறகு உளியால் வகுந்து பட்டை பட்டையாக வெட்டினாள். அவருக்கு அலுமினியத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். ஒவ்வொரு தோய்ச்சலுக்கும் உள்ளே காது கொடுத்தாள். அவரிடமிருந்து சத்தம் வராத கத்தியை மட்டும் கூடையில் போட்டாள்.

முதல் கத்தியை எடுத்துக்கொண்டு எக்கியார்குப்பம் போனாள். ஜெயா கதவைத் திறக்கவில்லை. தனகோடிதான் வெளியே வந்தான். அவன் இடுப்பிலும் பித்தளை, அன்றைக்குக் கரையிலேயே மறந்து விட்டுப்போன கத்தி.

“அத்தக் கழட்டிக் கீழ வை தம்பி. உடையும். உன் தம்பிய முழுங்குனது அதான். தப்பு என்னுது.”

அவன் அவளையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கழற்றி மணலில் வைத்தான். அவள் புதியதை மணலில் வைத்தாள். பழைய கத்தியேதான் புதிய கத்திக்கு விலை. ‘தப்பு என்னுது’ என்று வெளியே சொன்னாளே, அது போதாதா ஊருக்கு? அதற்குள் கிணற்றடி வரை வந்துவிட்டது, கொன்றவளே ஒத்துக்கொண்டாள் என்று.

மகள் வசந்தா மாமியார் வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள. வந்த அன்றே சண்டை.

“யாரு யாருக்கு வித்தேன்னு தெரியுமாம்மா உனுக்கு?”

“ஆளு தெரியாது. பித்தளை தெரியும்.”

“எது வரைக்கும் போவ?”

“லாரிக்காரன் எது வரைக்கும் வித்தானோ அது வரைக்கும்.”

“அப்பாவுக்கு ஒண்ணு ஆயிட்டா?”

தெய்வநாயகி கூடையில் கத்திகளைத் துணி சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மூக்குத்தியைக் கழற்றி மகள் கையில் வைத்தாள். “தண்ணி வண்டிக்காரனுக்கு ஆவும். அவருக்கு நல்ல தண்ணி மட்டும் கொறையக் கூடாது” என்றாள். அவ்வளவு பிடிவாதமாகப் பேசியவள், கூடையைத் தூக்கப் போகும்போது மட்டும் நின்றுவிட்டாள். பாயில் கிடந்தவரைப் பார்த்தாள். கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “வசந்தா சொல்றதும் நெசம்தான். உங்கள இப்பிடியே வுட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்?”

அவர் இடது கையை நீட்டினார். எதற்கு என்று இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. சொம்பும் எடுக்கவில்லை, தம்ளரும் எடுக்கவில்லை. கை போகிற திக்கைப் பார்த்தாள். சுவர் ஓரம் சின்னச் சுத்தி சாத்தியிருந்தது. அதை எடுத்துக் கீழே, அவர் விரல் எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

பழக்கமில்லாத கை. தூக்கவே சிரமப்பட்டார். ஒருமுறை நழுவியது. மறுபடி பிடித்து, பாயை ஒட்டினாற்போல் இருந்த வாசற்படிக் கருங்கல்லின் மேல் தட்டினார். டிங். சுத்தி துள்ளியது. மறுபடியும் டிங்.

வசந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாம்மா கேக்குறாரு?” என்றாள்.

“கேக்கல. சொல்றாரு” என்றாள் தெய்வநாயகி.

சும்மாட்டைத் தலையில் வைத்தாள். கூடையை அவளே தூக்கி வைத்துக்கொண்டாள். படியில் அவர் தட்டிக்கொண்டிருந்த சுத்தியைத் தாண்டாமல், ஓரமாக ஒதுங்கி இறங்கினாள். வேலியோரம் குப்பம்மாள் நின்றாள். இன்னும் நாலு பேர் நின்றார்கள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். உப்பளத்துப் பாதையில் வெயில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பும் வரைக்கும், வாசற்படியிலிருந்து டிங் டிங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ‘போதும்’ என்கிற அந்த ஒற்றைத் தட்டு மட்டும் கேட்கவே இல்லை.